வணிக கணமும் உழுநரும்: திரியாய் எழுப்பும் ஒரு வினா

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளி, குச்சவெளி ஆகியவற்றைக் கடந்து செல்லும் கரையோரப் பாதையில் அமைந்த திரியாய், நெல்வயல்கள் சூழ்ந்த விவசாயக் கிராமமாகும். அங்குள்ள குன்றிலே, வட்ட வடிவிலான பௌத்தக் கட்டடத்தின் அருகே பாறையிற் பொறிக்கப்பட்ட வடமொழிச் சாசனம் ஏறத்தாழ 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளுக்குரியதென ஆய்வாளர் கொள்வர். எழுத்து பல்லவ கிரந்தம். கிரிகண்டி சைத்தியத்தை நிறுவியோர் திரபுஸ்ஸகர், வல்லிககர் என்னும் வணிக கணத்தார் என்றும், அவர்கள் கடலோடுவதிலும் பண்டங்களை வாங்கி விற்பதிலும் வல்லவர் என்றும் அது கூறுகின்றது. புத்தருக்கு முதலில் உணவளித்த இரு வணிகரே இங்கு வந்தனர் என்னும் ஐதிகமும் உண்டு. எமக்கு முக்கியமானது அந்த ஐதிகமன்று. ‘கணம்’ என்ற சொல்லே. அது தனிமனிதரைச் சுட்டாது கூட்டைச் சுட்டுகின்றது.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. மாறுநிலைப் பொருளாதாரங்கள் பற்றி, சிறப்பாக 1989இன் பின்னர் கிழக்கு ஐரோப்பாவை முன்னிறுத்தி எழுதியோருட் பலர், ‘முயற்சியாண்மை’யைத் தனிமனிதரின் உளப்பண்பாகவே விளக்கினர். துணிவும் புத்தாக்கமும் உடையோர் முன்வரின் சிறுதொழில் தானே பெருகும் என்பது அவர்தம் எண்ணம். முயற்சியாளனைப் பொருளாதார வளர்ச்சிக் கோட்பாட்டின் மையத்தில் வைத்த சும்பீட்டரே, வங்கிக் கடனின்றி அவன் இயங்க முடியாதென்றும் கூறியிருந்தார். அவரைப் போற்றுவோர் இப்பகுதியை ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றனர்.

மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் இரு வழிகளைப் பிரித்துக் காட்டினார். உற்பத்தியாளனே வணிகனாகவும் முதலாளியாகவும் வளர்வது ஒன்று. வணிகன் உற்பத்தியைத் தன் பிடிக்குள் கொண்டுவருவது மற்றையது. பின்னையதில் பழைய உற்பத்தி முறை பெரும்பாலும் அவ்வாறே எஞ்சிவிடும். உற்பத்தியாளன் மட்டும் மேலும் நலிவான். சந்தை விரிவடைந்தமையை மட்டும் கொண்டு வளர்ச்சியை அளக்க முடியாதென்பது இதனாற் பெறப்படும். திரியாய்ச் சாசனத்திலேயே, வணிக உபரி கல்லாகவும் கொடையாகவும் உருப்பெற்றதைக் காண்கின்றோம்.

இலங்கை கண்ட மாற்றத்தை இந்நோக்கிற் பார்த்தல் தகும். 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு, யாழ்ப்பாணத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டோருக்கு உறுதியான விலையைத் தந்தது. நீரிறைக்கும் இயந்திரமும் கிணறும் உடைய தோட்டக்காரர் கையில் மிச்சம் சேர்ந்தது. அவர்தம் துணிவு 1970ஆம் ஆண்டில் திடீரெனப் பிறந்ததன்று. அதற்குப் பலன் தரும் நிலைமைகளே அப்பொழுது தோன்றின. அக்காலத்தை நாம் பொற்காலமாக்கவில்லை. நிலமற்ற கூலியாளருக்கு அம்மிச்சத்தின் சிறுபங்கே கிட்டியது. குறித்த அளவுக்கு மேல் அரிசியை எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. எனினும் உற்பத்தியாளன் நிமிர்ந்த சிறு இடைவெளி அது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் இறக்குமதிப் பண்டங்கள் பெருகின. கைத்தறிகள் பல ஓய்ந்தன. கடைகள் பெருகின, நெசவோ தேய்ந்தது. சிறுதொழிலின் எழுச்சி எனப்பட்டதன் பெரும்பகுதி, பிறர் செய்த பண்டத்தை விற்பதாகவே இருந்தது.

திரியாயிலோ போரும் சேர்ந்துகொண்டது. 1985இல் வீடுகள் எரியூட்டப்பட, மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆண்டுகள் பல கழிந்த பின்னரே ஒரு பகுதியினர் மீண்டனர். மூலதனம் என்பது இங்கு பணம் மட்டுமன்று: மாடு, விதைநெல், வேலி, கிணறு, பயன்தரும் தென்னை ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஒரு தலைமுறை சேர்த்ததை இழந்து திரும்பியோரிடம் முயற்சியின்மையைக் காண்பது நகைப்புக்குரியது.

2009இன் பின்னர் வடகிழக்கிற் பரவிய நுண்கடன் இவ்விடத்திற்றான் நுழைந்தது. கோழி வளர்ப்புக்கும் சிறுகடைக்கும் எனப் பெண்களுக்குக் கொடுபட்ட பணம் வாராவாரம் அறவிடப்பட்டது. நெல்லோ பருவத்திற்கே விளைவது. ஆகவே ஒரு கடனைத் தீர்க்க மற்றொன்று தேவைப்பட்டது. 2018இல் அரசு வட்டிக்கு ஆண்டொன்றுக்கு 35 வீத உச்சவரம்பு அறிவித்தது. அதன் முன்னைய நிலையை வாசகர் ஊகிக்கலாம். அறாவட்டிக்காரன் தன்னை முயற்சியாண்மையின் புரவலன் என அழைத்துக்கொள்ளவில்லை என்பதொன்றே பழைய முறைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு எனத் தோன்றுகின்றது.

குறைந்த வட்டியில் வங்கிக் கடன் பெறக் காணி உறுதி வேண்டும். திரியாயிலோ தொல்லியல் எல்லைக்குள் அடங்குவன எனக் கூறப்படும் வயல்கள் பற்றிய பிணக்கு, கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென 2020இல் சனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டதன் பின் மேலும் கூர்மையடைந்தது. வணிக கணத்தார் எழுப்பிய நினைவுச்சின்னத்தின் பெயரால், உழுநர் தம் வயலில் இவ்வாண்டு விதைக்கலாமா என்று அதிகாரிகளிடம் கேட்டு நிற்கும் நிலை தோன்றியுள்ளது.