இரும்பில் பூத்த இலைகள்!
படத்தைப் பார்த்து வேலை செய்த கொல்லர்கள்

லண்டன் நகருக்கு அருகே, தேம்ஸ் நதிக்கரையில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை இருக்கிறது. அதன் தோட்டத்து ஓரத்தில் 12 இரும்புத் தட்டிகள் நிற்கின்றன. அவற்றில் கொடிகள் சுருண்டு ஓடுகின்றன. இலைகள் மடிந்து தொங்குகின்றன. மனித முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. எல்லாம் இரும்பு!

இவற்றைச் செய்தவர் ஜீன் டிஜூ. பிரெஞ்சுக்காரர். 1689-ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்துக்கு வந்தவர். வில்லியம் மன்னரும் மேரி ராணியும் அவருக்கு வேலை கொடுத்தார்கள்.

தட்டினால் இலை

அவர் வேலை செய்த முறை என்ன? மெல்லிய இரும்புத் தகட்டை இலை போல வெட்ட வேண்டும். பின்பக்கம் சுத்தியால் தட்ட வேண்டும். முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். நரம்பும் மடிப்பும் தெரியும். பிறகு அதைக் கம்பிச் சட்டத்தில் பொருத்த வேண்டும்.

ரகசியம் வெளியானது

கைவேலைக்காரர்கள் தொழில் நுட்பத்தைப் பொத்திப் பொத்தி வைப்பது வழக்கம். டிஜூ என்ன செய்தார் தெரியுமா? 1693-ல் தம்முடைய வடிவங்களைப் படப் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார்! வாசல் கதவு, படிக்கட்டுக் கைப்பிடி, பால்கனி எல்லாம் அதில் இருந்தன. விளக்கம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது.

அந்தக் காலத்தில் படங்களைச் செப்புத் தகட்டில் கீறுவார்கள். கீறலில் மை நிரப்பிக் காகிதத்தை வைத்து அழுத்துவார்கள். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான படங்கள் கிடைக்கும்.

இப்படிப்பட்ட படங்கள் ஐரோப்பா முழுவதும் விற்பனையாயின. சில படங்களில் இடப்பாதி ஒரு மாதிரி, வலப்பாதி வேறு மாதிரி இருக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, மறுபாதியையும் அதேபோல் வரைந்துகொள்ளலாம். ஒரே காகிதத்தில் இரண்டு வடிவம்!

பொற்கொல்லர்கள் படத்தின் கோடு நெடுக ஊசியால் துளை போடுவார்கள். அதை உலோகத்தின் மேல் வைத்துக் கரித்தூளைத் தடவுவார்கள். கீழே புள்ளி புள்ளியாக வடிவம் விழும். பிறகு உளி வேலை ஆரம்பமாகும்.

பட்டறைப் புகையிலும் அழுக்கிலும் பல படங்கள் கிழிந்து போயின. மிஞ்சியவை இன்று அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

பெயர் மாறியது

டிஜூவின் புத்தகத்துக்கு என்ன ஆயிற்று? இங்கிலாந்துக் கொல்லர்கள் அந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். 1723-ல் பாரிஸ் நகரில் லூயி ஃபோர்டிரின் என்பவர் இரும்பு வேலைப் புத்தகம் ஒன்று வெளியிட்டார். டிஜூவின் படங்களைக் காப்பியடித்து அதில் சேர்த்துக்கொண்டார்!

பிரான்சிலிருந்து கடல் கடந்து போன கலை, வேறொருவர் பெயரில் பிரான்சுக்கே திரும்பி வந்தது. ஆனால் ஹாம்ப்டன் கோர்ட் தட்டிகளை யாரும் பெயர் மாற்றவில்லை. இன்றைக்கும் அவை ‘டிஜூ தட்டிகள்’தான்.