நெருப்பு எளிது, நீர்தான் சிக்கல்

ஆக்லாந்துக்குத் தெற்கே பாப்பாடோயிடோயி பகுதியில் மனுக்காவ் நினைவுத் தோட்டம் இருக்கிறது. மாநகராட்சி நடத்தும் மயானம். புல்வெளி, பூச்செடிகள், ஒரு பிரார்த்தனைக் கூடம், ஒரு தகனக் கூடம். வார நாளில் கார்கள் வரிசையாக வந்து நின்று, தலைப்பாகைக்காரர்களும் வெள்ளைத் துப்பட்டா போட்ட பெண்களும் இறங்கினால், சீக்கியர் வீட்டுச் சாவு என்று தெரிந்துகொள்ளலாம். நம் ஊர்க்காரருக்கு முதலில் உறைப்பது சத்தம் இல்லாததுதான். சங்கு இல்லை, பறை இல்லை, வெடி இல்லை. 'வாஹேகுரு, வாஹேகுரு' என்ற ஒரே நாமத்தைக் கூட்டம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே பெட்டியின் பின்னால் நடக்கிறது.

நியூசிலாந்துக்குச் சீக்கியர்கள் புதியவர்கள் அல்லர். 1890களிலேயே பூமன் சிங் கில், பீர் சிங் கில் என்ற சகோதரர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள். ஒருவர் மிட்டாய் வியாபாரி, மற்றவர் மூலிகை வைத்தியர். அப்போது அந்த நாட்டில் பிணத்தை எரிக்க ஒரு கூடம்கூடக் கிடையாது. முதல் தகனக் கூடம் வெலிங்டனில் காரோரி மயானத்தில் 1909ல்தான் வந்தது. ஆக்லாந்தின் வைக்குமெட்டே மயானத்துக்கு 1923ல். குருத்வாரா வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. ஹாமில்டன் அருகே டே ராபாவில் 1977ல் முதல் குருத்வாரா, ஆக்லாந்தின் ஓட்டாஹூஹூவில் 1986ல், டாக்கானினியில் 2005ல். 2013 கணக்கெடுப்பில் 19,000 சொச்சம் பேராக இருந்த சீக்கியர்கள் 2023ல் 53,000ஐத் தாண்டிவிட்டார்கள். பிழைக்கப் போன இளைஞர் கூட்டம் இது. ஆனால் தாய் தகப்பனைக் கூட்டிவந்து வைத்துக்கொண்ட பிறகு, அந்த ஊர் மயானத்தோடும் உறவு ஏற்பட்டுவிடுகிறது.

சீக்கியர்களின் நடைமுறை விதிகளைத் தொகுத்த நூல் 'ரஹித் மரியாதா'. அமிர்தசரஸின் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945ல் ஏற்றுக்கொண்ட வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் சாவு பற்றிய பகுதியைப் படித்தால், எதைச் செய்ய வேண்டும் என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்பதே அதிகம். உயிர் போகும் நேரத்தில் கட்டிலிலிருந்து தரையில் இறக்கக் கூடாது. பசு தானம் வேண்டாம். கபாலம் உடைக்கும் சடங்கு வேண்டாம். விளக்கு, பிண்டம், திவசம் எதுவும் கூடாது. மாரடித்து அழக் கூடாது. பகலா இரவா என்று பார்க்கத் தேவையில்லை. கொள்ளி வைக்க மகன்தான் என்றில்லை; உறவினரோ நண்பரோ வைக்கலாம். எரிக்க வழியே இல்லாத இடமென்றால் உடலை ஓடும் நீரில் விடவோ வேறு வழியில் அடக்கம் செய்யவோகூடத் தயங்க வேண்டாம்.

நம்மூரில் 'கல்யாணச் சாவு' என்று சொல்லிப் பேரன் பேத்திகள் பந்தம் பிடிக்க ஆட்டம் பாட்டத்தோடு எடுப்போமே, பஞ்சாபிலும் அப்படி ஒன்று உண்டு. வயதான கிழவரின் பாடையை ஜோடித்துத் தடபுடலாக எடுத்துப்போவார்கள். அதையும் மரியாதா பெயர் சொல்லித் தடுக்கிறது. ஒரு சடங்கை எழுத்தில் தடுக்கிறார்கள் என்றால் வீட்டுக்கு வீடு அது நடந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்?

இவ்வளவையும் கழித்துவிட்டதில் ஒரு லாபம், கடல் தாண்டிப் போனவர்களுக்குக் கிடைத்தது. வெட்டியான், பங்காளி, ஆற்றங்கரை, நல்ல நேரம் என்று எதையும் நம்பாத சடங்கு எந்த நாட்டுத் தகனக் கூடத்திலும் பொருந்திவிடுகிறது. ஆக்லாந்தில் குளிப்பாட்டுவது பெரும்பாலும் இறுதிச் சடங்கு நிறுவனத்தின் அறையில். குடும்பத்து ஆண்களோ பெண்களோ உள்ளே போய், தயிரும் தண்ணீரும் விட்டுத் தலைமுடியை அலசி, புது உடுப்புப் போட்டு, ஆணென்றால் தலைப்பாகை கட்டி முடிக்கிறார்கள். அமிர்தம் பெற்று முறைப்படி தீட்சை ஏற்றவராக இருந்தால் ஐந்து 'க'கார அடையாளங்களும் உடம்பில் இருந்தாக வேண்டும். வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளையம், அரைக் கால்சட்டை, கிர்பான் என்ற குறுவாள்.

இங்கே அந்த இரும்பைக் கொஞ்சம் கவனிக்கலாம். தகன உலையின் சூடு 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை. எஃகு உருக 1400ஐத் தாண்ட வேண்டும். சீப்பு எரிந்துவிடும், கிர்பானின் மரப்பிடி எரிந்துவிடும், கையிலிருந்த கடா வளையம் கருத்துப்போய் அப்படியே கிடக்கும். எலும்பைப் பொடிக்கும் எந்திரத்துக்குள் போகாமல் உலோகத்தைத் தனியே பிரித்தெடுப்பது மயான ஊழியரின் வேலை. அந்த வளையத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்று முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அது உள்ளே வெடிக்கும் என்பதால் அதை முதலிலேயே எடுத்தாக வேண்டும்.

பிரார்த்தனைக் கூடத்தில் அர்தாஸ் என்ற வேண்டுதலைச் சொல்லி முடித்ததும், மகனோ மகளோ பொத்தானை அழுத்துகிறார்கள். பிறகு கீர்த்தன் சோஹிலா. குரு நானக்கின் மூன்று பாடல்கள், குரு ராம்தாஸ், குரு அர்ஜன் ஆகியோரின் ஒவ்வொன்று, ஆக ஐந்து பாடல்கள். சீக்கியர்கள் தினமும் இரவில் படுக்கப்போகும் முன் சொல்வதும் இதேதான். வாழ்நாள் முழுக்க ராத்திரிதோறும் வாய் முணுமுணுத்த வரிகளைக் கடைசியில் ஊரார் சேர்ந்து அவருக்காகச் சொல்கிறார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாராக இருந்தாலும் அவர் மனித மனத்தை நன்றாக அறிந்தவர்.

அழுகையைத் தடுப்பதுதான் எனக்கு இடறுகிறது. மூன்றாவது குருவான அமர்தாஸ் 1574ல் மறையும்போது, தனக்காக யாரும் அழ வேண்டாம், கீர்த்தனை பாடுங்கள் என்று சொன்னதாக அவருடைய கொள்ளுப்பேரன் பாபா சுந்தர் எழுதிய 'சத்' என்ற பாடல் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் இருக்கிறது. அதே 1430 பக்க நூலில், வடஹன்ஸ் ராகத்தில் குரு நானக்கின் 'அலாஹணியா'வும் இருக்கிறது. அலாஹணி என்பது பஞ்சாபியப் பெண்களின் ஒப்பாரி. செத்தவர் பெருமையைச் சொல்லி மாரடித்து அழுவது. நானக் அந்த மெட்டை எடுத்துக்கொண்டு, செத்தவர் இருந்த இடத்தில் கடவுளை வைத்துப் பாடினார். ஒப்பாரியை ஒழிக்க நினைத்தவர் அதன் ராகத்தை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டார் என்றுதான் நான் படிக்கிறேன். டாக்கானினியிலும் தாய்மார்கள் அழத்தான் செய்வார்கள். பாடலைச் சத்தமாகப் பாடினால் போதும், அழுகை அடங்கிவிடும் என்பது எந்த மதத்துக்கும் கைகூடாத காரியம்.

மயானத்திலிருந்து நேரே குருத்வாரா. கிரந்தத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து முடிப்பது 'போக்'. பத்தாம் நாளில் முடிப்பது உத்தமம் என்பது மரியாதாவின் யோசனை. ஆக்லாந்தில் உறவினர்களின் விமானமும் அலுவலக விடுப்பும் நாளைத் தீர்மானிக்கின்றன. முடிவில் குரு தேக் பகதூரின் சலோகங்கள் வரும். டெல்லியில் 1675ல் தலை வெட்டப்பட்டவர் அவர். சாவு பற்றிப் பேச அவரைவிடத் தகுதியுள்ளவர் யார்? மூத்த மகனுக்குத் தலைப்பாகை கட்டும் சடங்கும் பல குடும்பங்களில் நடக்கும். அதன் பிறகு லங்கர். பருப்பு, ரொட்டி, கீர். வந்தவர் யாரும் பசியோடு போகக் கூடாது.

2020 மார்ச் 25 நள்ளிரவு நியூசிலாந்து முழு ஊரடங்குக்குள் போனது. இறுதிச் சடங்குக்கே அனுமதி இல்லாமல் போயிற்று. அடுத்த கட்டத்தில் பத்துப் பேர், மே மாத நடுவில் ஐம்பது. நூற்றுக்கணக்கானோர் கூடிச் சாப்பிட்டுக் கலையும் சமூகத்துக்கு அது பெரிய அடி. மொபைலில் நேரலையாகப் பார்க்கும் பழக்கம் அப்போது பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. ஜலந்தரில் இருக்கும் தங்கை பெட்டிக்குள் இருக்கும் முகத்தைத் திரையில் பார்க்கிறாள்.

சிக்கல் அஸ்தியில்தான் வருகிறது. மரியாதா சொல்வது இரண்டே வழி. சாம்பலை எலும்போடு அள்ளி ஓடும் நீரில் விடு. அல்லது அங்கேயே புதைத்து மண்ணைச் சமன் செய். நினைவுச்சின்னம் எழுப்பாதே. நீர் என்றதும் பஞ்சாபிக்கு நினைவுக்கு வருவது சட்லெஜ். நியூசிலாந்தில் ஆறு இல்லாமலா? ஹாமில்டன் நடுவே 425 கிலோமீட்டர் நீளமுள்ள வைக்காட்டோ ஓடுகிறது. ஆனால் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கு அந்த ஆறு மூதாதை. வாங்கனூயி என்ற இன்னோர் ஆற்றை நாடாளுமன்றம் 2017ல் சட்டப்படி ஒரு நபராகவே ஏற்றிருக்கிறது. இறந்தவரின் உடம்பு தொடர்பான எதுவும் மாவோரிகளுக்குத் 'தபு', விலக்கப்பட்டது. சிப்பியும் மீனும் பிடித்துச் சாப்பிடும் நீரில் அதைக் கலப்பது அவர்களுக்கு அருவருப்பு. மனுக்காவ் விரிகுடாவின் கரையில் இஹுமாட்டாவோ போன்ற பழைய மாவோரிக் குடியிருப்புகள் இன்றும் இருக்கின்றன. ஒரு சமூகத்துக்குப் புனிதமான செயல் பக்கத்துச் சமூகத்துக்குத் தீட்டு. சட்டம் போட்டுத் தீர்க்கிற வழக்கு அல்ல இது. கரையில் இருப்பவர்களிடம் முதலில் பேச வேண்டும்.

அதனால்தான் இத்தனை குடும்பங்கள் அஸ்திக் கலசத்தைக் கைப்பையில் வைத்து, இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழுமாக விமானம் ஏறுகின்றன. வழியில் விமானம் மாறி, டெல்லியில் இறங்கி, சட்லெஜ் கரையில் கீரத்பூர் சாகிப். குரு ஹர்கோபிந்த் 1644ல் மறைந்த ஊர். அங்குள்ள பாதாள்புரி குருத்வாராவின் படித்துறையில் உலகெங்கும் இருந்து வரும் பஞ்சாபிகள் சாம்பலைக் கரைக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், எலும்பைப் பொறுக்கிக்கொண்டு கங்கைக்கோ கீரத்பூர் பாதாள்புரிக்கோ போவது கூடாது என்று பெயரைச் சொல்லியே மரியாதா எழுதிவைத்திருக்கிறது!

மரியாதாவின் இரண்டாவது வழியைத்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மண்ணில் புதைத்துச் சமன் செய்வதில் மாவோரிக்கும் மனத்தாங்கல் இல்லை, மாநகராட்சிக்கும் தலைவலி இல்லை, விமான டிக்கெட்டும் இல்லை. மயானத்திலேயே சாம்பலுக்கென்று சிறு மனைகள் விற்கிறார்கள். ஆனால் அங்கே பெயர்ப் பலகை வைக்கச் சொல்லும் பிள்ளையை எப்படித் தடுப்பது? சமன் செய்த மண்ணில் பேரக்குழந்தைக்குக் காட்ட ஒன்றுமில்லை. கீரத்பூர் என்றால் சொல்வதற்கு ஓர் ஊர்ப் பெயராவது இருக்கிறது. அதற்காகத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள்.