தீபாவளிச் சாமான் எப்போது வாங்குவது?

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலோ நாம் நடப்பதில்லை; கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த நெருக்கடியில் துணியின் தரத்தை எப்படிப் பார்ப்பது? பேரம் பேசுவதுதான் எப்படி?

கூட்டத்திற்குப் பெரிய காரணம் சம்பள நாள். 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆகவே பல தோட்டங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கையில் காசு வருகிறது. எல்லாரும் ஒன்றாகப் பட்டணத்துக்குக் கிளம்புகிறோம். 2026-ஆம் ஆண்டுத் தீபாவளியை எடுத்துக்கொள்வோம். அது நவம்பர் 8. அக்டோபர் மாதச் சம்பளம் 7-ஆம் தேதிதான் வருமென்றால், மிஞ்சுவது ஒரு மாலைப்பொழுது! துணிமணிகளைச் செப்டம்பர் சம்பளத்திலேயே, அக்டோபர் நடுவில், ஆற அமர வாங்கிவிடலாம். கடைசிச் சம்பளம் எண்ணெய்க்கும் மாவுக்கும் கோழிக்கும் இருக்கட்டும்.

அன்பளிப்புக்கு வருவோம். லயத்தில் பத்து வீடு என்றால் பத்து பிஸ்கட் டின்னா? நாம் கொடுத்த டின் நான்கு வீடு சுற்றி நம்மிடமே வந்து சேர்வதும் உண்டு. ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் வைத்து அனுப்பினால் போதும். பக்கத்துச் சீனர், மலாய்க்காரர் வீடுகளிலும் முறுக்கென்றால் ஆசைதான். புதுத்துணி வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் போதாதா? மச்சான் மக்கள், மாமன் மக்கள் என்று ஊருக்கெல்லாம் எடுத்துவிட்டு, பள்ளி திறக்கும்போது பிள்ளையின் சப்பாத்துக்குக் கடைக்காரரிடம் கடன் சொல்லும் பெற்றோரை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.