கரடிகளுக்குப் பின்னால் ஒரு காடு

மாஸ்கோவின் திரெத்யகோவ் கலைக்கூடத்தில் ‘பைன் காட்டில் காலை’ என்றொரு எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. ஏறத்தாழ ஏழடி அகலம். வேரோடு சாய்ந்த மரத்தில் மூன்று கரடிக்குட்டிகள் ஏறி விளையாட, தாய்க்கரடி பக்கத்தில் நிற்கிறது. ரஷ்யாவில் மிட்டாய் உறையில்கூட அச்சாகிவிட்ட காட்சி இது. ஆனால் 1889-இல் இவான் சிஷ்கின் தீட்டியது காட்டைத்தான். கரடிகளை வரைந்தவர் அவருடைய நண்பர் கான்ஸ்தன்தீன் சவீத்ஸ்கி.

கரடிகளைக் கொஞ்சம் மறந்துவிட்டு மரங்களைப் பாருங்கள். முன்னால் நிற்கும் பைன் மரத்தின் பட்டை செதில் செதிலாக வெடித்து, செம்பழுப்பாக இருக்கிறது. அடுத்த வரிசையில் செதில்கள் மங்கிவிடுகின்றன. அதற்கும் அப்பால், மூடுபனி தேங்கிய பள்ளத்துக்குள், மரங்கள் சாம்பல் நீலத்தில் கரைந்துபோகின்றன. தொலைவு கூடக்கூட மரத்தைச் சிறிதாக்கியதோடு சிஷ்கின் நிற்கவில்லை. நிறத்தின் அடர்த்தியையும் விளிம்பின் கூர்மையையும் படிப்படியாகக் குறைத்திருக்கிறார். தட்டையான துணியில் காடு உள்ளே உள்ளே விரிவது இதனால்தான்.

இது இயற்கையிடம் கற்ற பாடம். மூடுபனியின் நுண்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. தூரத்து மரத்திலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கு வழியிலேயே சிதறிவிடும். இடையிலுள்ள பனியின் வெளிச்சமோ அந்த மரத்தின் கருமைமேல் வந்து படியும். கறுப்பு வெளிறும், விளிம்பு மழுங்கும்.

பனி ஏன் பள்ளத்தில் மட்டும்? இரவில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கித் தேங்கும். அதிலுள்ள ஈரம் துளிகளாகும். சாய்வாக எழும் சூரியன் முதலில் தொடுவது மரங்களின் மேற்பகுதியை. அதனால்தான் படத்தில் மேலே பொன்னிறம், கீழே நீலம். கடிகாரம் இல்லாமலேயே நேரத்தைச் சொல்லிவிடலாம்: விடிந்து வெகுநேரம் ஆகவில்லை.

இத்தனை நுட்பமாகக் காட்டைப் படித்தவர் 19-ஆம் நூற்றாண்டில் அபூர்வம் என்றே நினைக்கிறேன். அதற்காகக் கரடிகளைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அவை அங்கே நிற்பதால்தான் மரங்கள் எவ்வளவு பிரம்மாண்டமானவை என்று கண்ணுக்குப் பிடிபடுகிறது. சவீத்ஸ்கியும் இதில் கையெழுத்திட்டிருந்தார். ஓவியத்தை வாங்கிய பாவெல் திரெத்யகோவ் அந்தக் கையெழுத்தை அழித்துவிட்டார். அது நியாயமில்லை.