பள்ளி அடைபட்ட நாளில் இல்லம் ஏற்ற சுமை

தோற்றுவாய்

கொள்ளைநோய் ஓர் ஊருக்குள் புகும்பொழுது அரசு முதலில் அடைக்கும் கதவுகளுள் பள்ளியின் கதவும் ஒன்று. பிள்ளைகள் தோளோடு தோள் நெருங்கி அமர்கின்றனர். ஒரே குழாயில் நீர் பருகுகின்றனர். மாலையில் பல தெருக்களுக்கும் பிரிந்து செல்கின்றனர். ஒரு வகுப்பறையில் தோன்றும் நோய் ஒரே வாரத்தில் ஊரெங்கும் பரவுவதற்கு இவையே போதும். ஆதலின் பள்ளியை மூடுதல் மருத்துவ நோக்கில் எடுக்கப்படும் முடிவாகும். ஆயினும் அம்முடிவின் விளைவை மறுநாள் காலை முதல் சுமப்பது குடும்பமே. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நேர்ந்த நெடிய பள்ளி மூடலை மையமாகக் கொண்டு, குடும்பங்கள் அச்சுமையை எவ்வாறு தாங்கின, எவ்விடத்தில் தளர்ந்தன, இனியொரு முறை நேரின் செய்யத்தக்கன யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வரலாறு தரும் படிப்பினைகள்

நோய்க்காகப் பள்ளியை மூடுதல் நம் காலத்தில் தோன்றிய புது வழக்கம் அன்று. 1918 ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலின்போது அமெரிக்க நகரங்கள் பலவும் பள்ளிகளை அடைத்தன. ஆனால் நியூயார்க், சிகாகோ முதலிய மிகச் சில பெருநகரங்கள் அவற்றைத் திறந்தே வைத்தன. நியூயார்க் நகரின் சுகாதார ஆணையராக அன்றிருந்த ராயல் கோப்லாண்ட் அதற்குக் கூறிய காரணம் எண்ணத்தக்கது. அந்நகரத்துப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் காற்றும் ஒளியும் புகாத நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவ்வீடுகளில் அடைபட்டுக் கிடப்பதைவிட, மருத்துவர் நாள்தோறும் பார்வையிடும் தூய்மையான பள்ளியில் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு என்று அவர் கருதினார். இல்லம் என்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தன்மையுடையதன்று என்னும் உண்மையை அன்றே உணர்ந்த முடிவு இது எனலாம்.

1937 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியதால் சிகாகோ நகரில் பள்ளிகள் திறப்பது தள்ளிவைக்கப்பட்டது. அப்போது வானொலி நிலையங்கள் சில தம் நேரத்தை அளிக்க, ஆசிரியர்கள் வானொலி வழியே பாடம் நடத்தினர். நாளிதழ்கள் பாட நேரத்தையும் குறிப்புகளையும் அச்சிட்டன. பெற்றோர் ஐயம் கேட்பதற்குத் தொலைபேசி வசதியும் செய்யப்பட்டது. நல்ல முயற்சியே; எனினும் வானொலிப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும், அலைவரிசை தெளிவாகக் கிட்டாத பகுதியில் வாழ்ந்த பிள்ளைக்கும் அப்பாடம் எட்டவில்லை. கருவி மாறலாம், இக்குறை மட்டும் மாறாது என்பதைப் பின்வந்த காலமும் மெய்ப்பித்தது.

மூடலின் கால அளவு

கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகத் தமிழ்நாட்டில் 2020 மார்ச் மாதத்தின் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. இரண்டு வார விடுமுறை என்றே குடும்பங்கள் முதலில் எண்ணின. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அவ்வாண்டு சூன் மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டு, மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். 10, 12 ஆம் வகுப்புகள் 2021 சனவரியில் திறக்கப்பட்டன. இரண்டாம் அலையினால் அவ்வாண்டே மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் நவம்பர் 1 அன்றும் திறக்கப்பட்டன.

இக்கணக்கின் பொருளை ஒரு குழந்தையை வைத்தே உணர முடியும். 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்த குழந்தை, ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் கழித்துப் பள்ளி வாயிலை மிதித்தபோது மூன்றாம் வகுப்புக்கு உரியதாகியிருந்தது. இரண்டாம் வகுப்பறையை அக்குழந்தை கண்டதே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும், கடன் வாங்கிக் கழிக்கவும் கற்பது அவ்வகுப்பில்தான்.

பள்ளி ஆற்றிவந்த நான்கு பணிகள்

பள்ளி என்றவுடன் பாடமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பள்ளி சத்தமின்றி நான்கு பணிகளை ஆற்றிவந்தது என்பது அது மூடப்பட்ட பின்னரே புலப்பட்டது.

முதலாவது, உணவு. 1956 இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982 இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டமும் ஏழைக் குடும்பத்தின் அடுப்படிக் கணக்கையே மாற்றியமைத்தவை. தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குச் செல்லும் வீட்டில், பிள்ளையின் நண்பகல் உணவு பள்ளியில் கிடைத்துவிடும் என்னும் உறுதி இருந்தது. பள்ளி மூடப்பட்ட அன்று அந்த அடுப்பும் அணைந்தது. வேலையின்றி வருவாய் நின்றுபோன அதே நாளில் வீட்டில் உண்ணும் வாய்களின் எண்ணிக்கை கூடியது. பின்னர் அரசு அரிசியும் பருப்பும் முட்டையும் மாணவர் குடும்பங்களுக்கு வழங்கியது, அது பேருதவியே. எனினும் பள்ளியில் சமைத்துத் தட்டில் இட்ட உணவு அக்குழந்தைக்கே உரியது; பையில் வந்த அரிசியோ வீடு முழுவதற்கும் உரியது. பகிர்ந்துண்ணும் இல்லத்தில் பிள்ளையின் பங்கு குறைவது இயல்பேயன்றோ?

இரண்டாவது, காவல். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை பிள்ளை எங்கிருக்கிறது என்பது பெற்றோர்க்குத் தெரிந்திருந்தது. அந்த ஏழு மணி நேரத்தை நம்பியே தாய்மார் வயலுக்கும், தீப்பெட்டித் தொழிற்கூடத்துக்கும், பிறர் வீட்டு வேலைக்கும் சென்றனர். ஊரடங்கு தளர்ந்து வேலை தொடங்கியபோது பள்ளி மட்டும் திறக்கவில்லை. அப்போது குடும்பம் கண்ட வழிகள் மூன்று: தாத்தா, பாட்டியிடம் விடுதல், மூத்த பெண் குழந்தையைக் காவலுக்கு வைத்தல், பிள்ளையை வேலை செய்யும் இடத்திற்கே உடன் அழைத்துச் செல்லுதல். முதல் வழியில் நோய் எளிதில் தாக்கக்கூடிய முதியவர்க்கு இடர். இரண்டாம் வழியில் மூத்த பெண்ணின் படிப்புக்கு இடர். மூன்றாம் வழியில் பிள்ளை காலப்போக்கில் தானும் ஒரு வேலையாளாகிவிடும் இடர்.

மூன்றாவது, கல்வி. கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் ஒளிபரப்பாயின. தனியார் பள்ளிகள் கைப்பேசி வழியே வகுப்பு நடத்தின. ஊரக இந்தியாவில் 2020 செப்டம்பரில் தொலைபேசி வழி நடத்தப்பெற்ற அசர் ஆய்வின்படி, பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இணைய வசதியுள்ள கைப்பேசி வைத்திருந்தவை 61.8 விழுக்காடு, 2018 இல் இது 36.5 விழுக்காடாக இருந்தது. வருவாய் சுருங்கிய காலத்திலும் குடும்பங்கள் கடன்பட்டோ நகையை அடகு வைத்தோ கைப்பேசி வாங்கின என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள், அதனையே தொழிலுக்கு எடுத்துச் செல்லும் தந்தை என்னும் நிலையில் பாடம் யாருக்குக் கிட்டும்?

நான்காவது, தோழமை. ஒத்த வயதினருடன் ஓடியும், சண்டையிட்டும், மீண்டும் கூடியும் வளர்வதே குழந்தையின் இயற்கை. ஓரறை வீட்டில் மாதக்கணக்கில் அடைபட்ட பிள்ளை சினத்திற்கும் பிடிவாதத்திற்கும் ஆட்பட்டதில் வியப்பில்லை. பெரியோரின் வேலையிழப்பும் கடன் கவலையும் அதே அறையில்தான் பேசப்பட்டன என்பதையும் மறத்தலாகாது.

மூத்த பிள்ளை என்னும் ஆசிரியர்

மேற்கூறிய ஆய்வு தெரிவிக்கும் மற்றொரு செய்தி மனங்கொள்ளத் தக்கது. பிள்ளைகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வீட்டில் எவரேனும் ஒருவரிடம் படிப்பில் உதவி பெற்றனர். பெற்றோர் மிகுதியாகப் படித்திராத வீடுகளில் அவ்வுதவியைப் பெரிதும் அளித்தவர்கள் அண்ணனும் அக்காளுமே. முதல் தலைமுறையாகப் பள்ளி சென்ற மூத்த பிள்ளை, இளையவர்க்கு ஆசிரியராயிற்று. இது நம் குடும்ப அமைப்பின் வலிமையைக் காட்டுகிறது. அதே வேளையில் அந்த மூத்த பிள்ளைக்குக் கற்பித்தவர் யார் என்னும் வினாவையும் எழுப்புகிறது.

இவ்வினா பெண் குழந்தையைப் பொறுத்தவரை மேலும் கூர்மையானது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் எபோலா நோயினால் 2014 இன் நடுவில் மூடப்பட்ட பள்ளிகள் 2015 ஏப்ரலில் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் பல இளம்பெண்கள் கருவுற்றிருந்தனர். அவர்களுக்கு ஆதரவளிக்க வேண்டிய அரசோ, கருவுற்ற மாணவியர் வகுப்புக்கு வரலாகாது எனத் தடை விதித்தது. அத்தடை 2020 மார்ச்சில்தான் நீங்கியது. நம் மாநிலத்திலும் பெருந்தொற்றுக் காலத்தில் சிறுவயதுத் திருமணங்கள் பலவற்றை அதிகாரிகள் தடுத்து நிறுத்தினர். விருந்தினர் குறைவு, செலவு குறைவு, பள்ளியும் இல்லை என்னும் மூன்று காரணங்கள் ஒருங்கே சேர்ந்து வறிய பெற்றோரை அம்முடிவுக்குத் தள்ளின. பள்ளி திறந்தபின் வருகைப் பதிவேட்டில் விடையின்றி நின்ற பெயர்களுள் சில அவ்வாறு நின்றவையே. இழந்த பாடத்தை மீட்கலாம்; இவ்வாறு இழந்த பள்ளி வாழ்வை மீட்டல் அரிது.

தெருவே பள்ளியாதல்

குடும்பம் தனித்து நின்று இந்நான்கு பணிகளையும் ஏற்க இயலாது. அயலார் கைகொடுத்த இடங்களில் மட்டுமே அது நிமிர்ந்து நின்றது. ஊரடங்கின்போதே சில சிற்றூர்களில் ஆசிரியர்கள் மரத்தடியிலும் திண்ணையிலும் சிறு குழுக்களாகப் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர். படித்த இளைஞர்கள் தம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிப் படிக்க வைத்தனர்.

இவ்வெண்ணத்தையே மாநிலம் தழுவியதாக்கியது இல்லம் தேடிக் கல்வித் திட்டம். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இதனைத் தொடங்கி வைத்தார். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவர்தம் குடியிருப்பிலேயே மாலை வேளையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கற்பிப்பது தொடக்கத்தில் இதன் நடைமுறையாக இருந்தது. தன்னார்வலர் ஒருவருக்கு ஏறத்தாழ இருபது பிள்ளைகள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பும், நடுநிலை வகுப்புகளுக்குப் பட்டமும் தகுதிகளாயின. இரண்டு இலட்சம் அளவில் தன்னார்வலர் இணைந்தனர். அவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பட்டம் பெற்றும் வீட்டளவில் நின்றுவிட்ட பெண்களின் கல்வி, தெருப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது.

இதன் பயன் வெறும் புகழுரையன்று. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினர். பள்ளிகள் திறந்தபின் 2021 டிசம்பரில், அதே வயதினர் முன்பு பெற்றிருந்த திறனைவிடக் கணக்கில் பெரிதும், மொழியில் அதற்கடுத்தும் குழந்தைகள் பின்தங்கியிருந்தனர். ஆயினும் அடுத்த ஆறு மாதங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்பது அவர்தம் முடிவு. அயல்வீட்டு அக்காள் ஒருத்தி பாயை விரித்து நடத்திய வகுப்பு, ஆய்வாளர் அளந்து காட்டத்தக்க பயனைத் தந்துள்ளது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

செய்யத்தக்கன

பள்ளி மூடல் இனி நேராது எனக் கூறுவதற்கில்லை. 2023 செப்டம்பரில் நிப்பா நோயினால் நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் கல்வி நிலையங்கள் பத்து நாள் அளவில் மூடப்பட்டன. ஆதலின் முன்கூட்டியே எண்ணத்தக்கவை சில:

1. நான்கு பணிகளையும் தனித்தனியே எண்ணுதல் வேண்டும். உணவுக்கு ஒரு வழி, காவலுக்கு ஒரு வழி, படிப்புக்கு ஒரு வழி, விளையாட்டுக்கு ஒரு வழி எனப் பிரித்தால் சுமை கைக்கடங்கும்.

2. நோய் விதிகள் இடந்தரும் அளவில், அருகருகே வாழும் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றையொன்று சார்ந்து முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். இதனால் முதியவர் மீதும் மூத்த பெண் மீதும் விழும் சுமை குறையும்.

3. நாள் முழுவதும் பள்ளியைப் போலவே வீட்டில் நடத்த முயலுதல் வேண்டா. நாள்தோறும் ஒரே வேளையில் ஒரு மணி நேரம் படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றும் தவறாது நிகழ்தலே போதும். உரக்கப் படிக்கக் கேட்பதற்கும், கடைக் கணக்கைப் போடச் சொல்வதற்கும் பெற்றோர் பட்டம் பெற்றிருக்க வேண்டுவதில்லை.

4. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் எவர்க்கு எப்பொழுது என்பதை எழுதி வைத்தல் நன்று. அவ்வரிசையில் பெண் குழந்தையின் முறை கடைசியாகிவிடாமல் பார்த்தல் வேண்டும்.

5. சிறுவயதுத் திருமணமோ குழந்தைத் தொழிலோ நிகழவிருப்பது தெரிந்தால், அயலார் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவித்தல் கடமையாகும்.

நிறைவுரை

நோய் அனைவரையும் ஒருபடித்தாகத் தாக்கலாம். பள்ளி மூடல் அவ்வாறு தாக்குவதில்லை. படித்த பெற்றோரும் தனியறையும் கைப்பேசியும் உள்ள வீட்டில் அது ஒரு தடங்கல்; கூலி வேலை செய்வோர் வீட்டில் அது ஒரு பிள்ளையின் எதிர்காலமே திசைமாறும் திருப்பம். குடும்பத்தின் அன்பு எங்கும் ஒன்றே. அவ்வன்புக்குக் கிடைத்த துணையே வேறுபடுகிறது. அத்துணையை அரசும் அயலாரும் சேர்ந்து அளித்த இடங்களில் பிள்ளைகள் கரையேறினர்.

அன்று கைப்பேசித் திரையின் முன்னும், அது இல்லாத வீட்டுத் திண்ணையிலும் அமர்ந்திருந்த பள்ளி மாணவர்களே இன்று கல்லூரி வகுப்புகளை நிறைத்திருக்கின்றனர். பள்ளி இல்லாத ஒரு நாள் எத்தகையது என்பதை அவர்களினும் நன்கறிந்தோர் இலர். தம் தெருவில் எழுத்துக் கூட்ட இயலாது தடுமாறும் ஒரு பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரத்தை அவர்கள் அளிப்பாராயின், அடுத்த முறை பள்ளியின் கதவு அடைபடும்பொழுது அப்பிள்ளைக்கெனத் திறந்திருக்கும் ஒரு கதவேனும் அத்தெருவில் இருக்கும்.