ஓசூரில் தயாராகும் பைக், உள்ளூர்க் கடைக்கு வராத கதை

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மதுரைப் பதிவெண்ணும் கேரளப் பதிவெண்ணும் கொண்ட பெரிய பைக்குகள் இந்த மலையேறும். டீக்கடை வாசலில் நிற்கும் உள்ளூர் இளைஞர்கள், வண்டி கண்ணில் படுமுன்பே சத்தத்தை வைத்து அதன் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு ஓர் ஆதங்கமும் உண்டு. வெளிநாட்டில் ஓடும் வண்டி நம்ம ஊர் ஷோரூமுக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

வெளிநாட்டில் தயாராகும் வண்டி என்றால்கூட மனம் ஆறிவிடும். நம் மாநிலத்திலேயே தயாரானால்?

2013 ஏப்ரலில் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ மோட்டராட் நிறுவனமும் டிவிஎஸ் நிறுவனமும் கைகோத்தன. 500 சிசிக்குக் குறைவான பைக்குகளைச் சேர்ந்து உருவாக்குவது ஒப்பந்தம். அதில் பிறந்த ஜி 310 ஆர், 2015 நவம்பரில் உலகின் பார்வைக்கு வந்தது. 313 சிசி, ஒற்றை சிலிண்டர், 34 குதிரைத் திறன். உற்பத்தி ஓசூரில். சின்னமனூர்த் தெருக்களில் வாழை இலைக்கட்டு சுமக்கும் டிவிஎஸ் மொபெட்டுகளின் வரலாறும், 1980-இல் டிவிஎஸ் 50 வடிவில், அதே ஓசூரில்தான் தொடங்கியது.

2017-இல் அந்த 310 ஐரோப்பியச் சாலைகளில் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் விற்பனைக்கு வந்ததோ 2018 ஜூலையில், ஷோரூம் விலை 2.99 லட்சம் ரூபாய். சின்னமனூரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டரில் தயாரான வண்டிக்காக இங்குள்ள ரசிகர்கள் இரண்டரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். பிஎம்டபிள்யூ மோட்டராட் இந்தியாவில் நேரடியாகக் கடை விரித்ததே 2017 ஏப்ரலில்தான். விற்கவும் பழுதுபார்க்கவும் ஆளில்லாமல் வண்டியை இறக்க முடியாது என்பது உண்மை. அதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ, ஊர் ஊராகக் கடை வைத்திருந்த டிவிஎஸ், 2017 டிசம்பரிலேயே 2.05 லட்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

கேடிஎம் 125 ட்யூக்கின் காத்திருப்பு இன்னும் நீளம். பஜாஜின் சாகன் ஆலையில் தயாராகி 2011-இலேயே ஐரோப்பா போன இந்த வண்டி, இந்தியாவுக்கு வந்தது 2018 நவம்பரில். ஐரோப்பாவின் பல நாடுகளில் 16 வயதில் 125 சிசி வரைதான் ஓட்ட உரிமம் கிடைக்கும். அதனால் அங்கே விலையுயர்ந்த 125-க்கும் வாங்க ஆள் உண்டு. இங்கே 18 வயதில் உரிமம் எடுத்தவர் எந்த சிசியையும் ஓட்டலாம். ‘இந்தக் காசுக்கு 200 சிசியே வாங்கலாமே’ என்று வாடிக்கையாளர் கேட்பார் என்பது நிறுவனத்தின் கணக்காக இருந்திருக்கலாம்.

அடுத்த தடை விதிகள். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாடு. 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் கார்டு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி. எல்லாமே உயிர்காக்கும் விதிகள்தான். ஆனால் ஆண்டுக்குச் சில நூறு வண்டி மட்டுமே விற்கும் மாடலுக்கு இந்த மாற்றங்களையும் சோதனைகளையும் செய்யும் செலவு கட்டுப்படியாகாது. யமஹா ஆர்3 அப்படித்தான் 2020-இல் விடைபெற்றது. 2023 டிசம்பரில் இந்தோனேசியாவிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியாகித் திரும்பியபோது விலை 4.64 லட்சம். யமஹாவுக்குச் சென்னை அருகே பெரிய ஆலையே இருக்கிறது!

முழு வண்டியாக இறக்குமதி செய்தால் சுங்க வரி சேரும். 1600 சிசி வரையிலான பைக்குகளுக்கு 50 சதவீதமாக இருந்த வரி, 2025 பட்ஜெட்டில் 40 ஆகக் குறைந்தது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குகளுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம்.

சிறு நகரத்து ரசிகருக்கு இதற்கு மேலும் ஒரு சுமை. சொகுசு பிராண்டுகளின் ஷோரூம்கள் பெரும்பாலும் பெருநகரங்களோடு நின்றுவிடுகின்றன. சின்னமனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிளட்ச் கேபிள் அறுந்தால்கூட வண்டியை மலை தாண்டியோ மாவட்டம் தாண்டியோ ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

2025-இல் ஜி 310 ஆர் இந்திய விற்பனையிலிருந்து விலகியது. ஏற்றுமதி மட்டும் தொடர்ந்தது. ரசிகர்கள் காத்திருந்து ஏமாறாமல் இருக்க, வெளிநாட்டில் புது மாடலை அறிமுகப்படுத்தும் நாளிலேயே, இந்தியாவுக்கு எப்போது வரும், வராதா என்பதையும் நிறுவனங்கள் சொல்லிவிட வேண்டும். வாழைத்தார் வெட்டிய பணத்தில் பைக் வாங்க நினைக்கும் சின்னமனூர் இளைஞர், இந்த வெட்டிலேயே கிடைக்கும் வண்டியை எடுப்பதா, அடுத்த வெட்டு வரை பொறுப்பதா என்று அதை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும்.