ரேக்குக்கு அடியில்

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் இரண்டு ஆலிலைக் கிருஷ்ணன் படங்களுக்கு விலை விசாரித்தேன். ஒரே அளவு, ஒரே மாதிரிச் சட்டம். விலை மட்டும் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. “ரெண்டுமே தஞ்சாவூர் பெயின்டிங்தான் சார்” என்றார் கடைக்காரர். ஒன்றில் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), மற்றதில் தங்க நிறத் தாள் என்பது பாதிக் காரணம். மீதி, மக்கு.

பள்ளிக்கூடத்தில் நம்மில் பலர் வாங்கிய பட்டம் அல்ல இது. சுண்ணாம்புத் தூளைக் கோந்து விட்டுக் குழைத்த விழுது. தச்சர் மரத்தின் ஓட்டையை அடைக்கிற மக்குக்குப் பங்காளி.

முன்பெல்லாம் பலாப்பலகையில் வரைவார்கள். ‘பலகைப் படம்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். இப்போது பிளைவுட். அதன்மேல் துணி ஒட்டி, சாக்குத்தூள் கரைசல் பூசி, வழவழவென்று தேய்க்கிறார்கள். உருவம் வரைந்து கல் பதித்ததும் மக்கு வேலை. தூரிகை நுனியில் ஒரு சொட்டு எடுத்து, தீற்றாமல் வைக்க வேண்டும். மாலைக்கு ஒவ்வொரு பூவாக, தூணுக்கு ஒவ்வொரு வளையமாக. ஒரு சுற்று காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டு மொத்தமாக அப்பினால் காயும்போது வெடிக்கும். கோந்து குறைந்தால் உதிரும். ஒரு முறை நானும் வைத்துப் பார்த்தேன். முத்துமாலை கொழுக்கட்டை மாலையாக வந்தது.

காய்ந்த மக்கின்மேல் 22 காரட் ரேக்கை ஒட்டி மெல்ல அழுத்தினால், அடியில் இருக்கும் மேடுபள்ளம் அத்தனையும் தங்கமாக எழும்பி வரும். வண்ணம் அதற்கப்புறம்தான். கண் திறப்பது கடைசியில்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் இந்தக் கலை செழித்தபோது பூஜை அறையில் மின்விளக்கு ஏது? விளக்குச் சுடர் அசைய, மேட்டில் விழுந்த ஒளியும் அசையும். கிருஷ்ணன் மூச்சுவிடுவது போலிருக்கும். தி.நகர் ஃபிளாட்டில் டியூப்லைட்டுக்கு எதிரே மாட்டினால் வெறும் பளபளப்புதான். அடையாறு, பெசன்ட் நகர்க்காரர்கள் ஈரச்சுவரில் மாட்டாதீர்கள். மக்குக்கு ஈரம் ஆகாது.

2007-08இல் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனாலும் வாங்கும்போது படத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் பாருங்கள்: மாலையின் பூக்கள் தனித்தனியாக எழும்பியிருக்கின்றனவா? ரேக்கு தங்கம்தான் என்று பில்லில் எழுதித் தரக் கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.